எண்ணுவதும் கேட்பதும்

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுள் சிலருக்குச் சோதனைக்கூடமும் கண்ணாடிக் குழாயும் தராசும் நினைவுக்கு வரும். வேறு சிலருக்கு அட்டவணையும் சதவீதக் கணக்கும் நினைவுக்கு வரும். ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அந்த வீட்டார் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு எழுதிக்கொள்வதும் ஆராய்ச்சிதான் என்று நான் சொன்னால், "அது வெறும் ஊர்ப்பேச்சு அல்லவா?" என்று கேட்கத் தோன்றும். ஒரு காலத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மூதாட்டி மாற்றினார். மாறிய எண்ணத்திலும் ஒரு பிழை உண்டு என்பதை, பின்னொரு காலத்தில், இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி எனக்குக் காட்டியது. அவ்விரண்டு பாடங்களையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1970களின் தொடக்கத்தில் நான் பொருளாதாரம் பயிலும் மாணவனாக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர்பெற்ற அந்த ஊருக்குக் கைத்தறிச் சேலையும் ஒரு பெருமை. நெசவாளர் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுப்பதற்காக அச்சிட்ட படிவங்களுடன் நான் அங்கே சென்றேன். படிவத்தில் பெயர், வயது, படிப்பு, தொழில், மாத வருமானம் என்று கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் குடும்பத் தலைவரைக் கேட்பேன், அவர் சொல்வார், நான் கட்டங்களை நிரப்புவேன். ஆண்களுக்கு எதிரே 'நெசவு' என்று எழுதினேன். பெண்களுக்கு எதிரே, "வீட்டில்தான் இருக்கிறாள்" என்று தலைவர் சொன்னபடியே, 'தொழில் இல்லை' என்று எழுதினேன். வேலை வெகு விரைவாக நடந்தது. எனக்கு அதில் பெருமையும் உண்டாயிற்று.

ஒரு வீட்டில், தறி ஓடிக்கொண்டிருந்த அறைக்கு வெளியே ஒரு மூதாட்டி அமர்ந்து இராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தார் என்றால் என்ன என்று நெசவு அறியாத மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். துணியின் நீளவாட்டில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. அந்த ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றி, நாடாவுக்குள் வைத்துத்தான் நெசவாளர் குறுக்கே எறிவார். நூல் சுற்றிய அந்தக் குழல்தான் தார். ஒரு தார் தீர்ந்தால் அடுத்தது கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தறி நிற்கும்.

அந்த மூதாட்டிக்கு எழுத்து வாசனை இல்லை. நான் எழுதி முடித்ததும், "என்னயப் பத்தி என்ன தம்பி எழுதியிருக்கீக?" என்று கேட்டார்.

"வயது அறுபது, படிப்பு இல்லை, தொழில் இல்லை என்று எழுதியிருக்கிறேன், பாட்டி" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. இராட்டினத்தை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே தறியின் ஓசை சிறிது நேரம் கேட்டது, பிறகு நின்றது. "அம்மா, தார்!" என்று மகன் உள்ளிருந்து குரல் கொடுத்தார். மூதாட்டி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "கேட்டீகளா தம்பி? சும்மா இருக்கிறவள யாராவது இப்படிக் கூப்பிடுவாகளா?" என்றார்.

அன்றைக்கு நான் வேறு வீட்டுக்குப் போகவில்லை. படிவத்தை மடித்து வைத்துவிட்டு, அவர் சொன்னதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். சிட்டமாக வாங்கிவரும் நூலைப் பிரிப்பது யார், கஞ்சி போடும் நாளில் விடியுமுன் எழுந்து கஞ்சி காய்ச்சுவது யார், பாவை நீட்டி அறுந்த இழைகளை முடிவது யார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டேன். அவருக்கு மணிக்கணக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு சேலைக்கு எத்தனை தார் வேண்டும், ஒரு நாளில் எத்தனை தார் சுற்றுகிறார் என்பதை விரல்விட்டுச் சொன்னார். கணக்கு அவரிடம் இருந்தது. கேட்கத் தெரியாதவன் நான்தான். சேலைக்கான கூலியோ மகன் பெயரில் மட்டும் பற்று எழுதப்பட்டது. அதற்குள் அவருடைய உழைப்பும் மருமகளுடைய உழைப்பும் அடங்கியிருந்தன; ஆனால் எந்த ஏட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. இப்போது என் படிவத்திலும் இல்லை.

இது ஒரு மாணவன் ஒரு தெருவில் செய்த பிழை என்று நினைத்திருந்தேன். பிற்காலத்தில் மக்கட்தொகைக் கணக்குகளைப் படித்தபோதுதான், இதே பிழை ஒரு நாட்டின் அளவில் நேர்ந்ததை அறிந்தேன். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் உழைக்கும் பெண்களின் தொகை ஏறத்தாழ 6 கோடி. 1971இல் அது 3 கோடியைச் சற்றே தாண்டி நின்றது. பத்து ஆண்டுகளில் மக்கள்தொகை பெருகியிருக்க, உழைக்கும் பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் எங்கே போனார்கள்? அவர்கள் எங்கும் போகவில்லை. கேள்விதான் மாறியது. 1961இல், பருவகால வேலைகளில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முறையாக உழைத்தவரும் உழைப்பாளர் என்று கொள்ளப்பட்டார். 1971இல் ஒருவருடைய முதன்மையான செயல் எது என்று கேட்கப்பட்டது. வீட்டைக் கவனிப்பது முதன்மை என்று சொல்லப்பட்ட பெண், வயலிலோ தறியிலோ பாடுபட்டாலும், உழைக்காதவர் வரிசைக்குப் போனார். கூட்டலில் பிழையில்லை, கழித்தலில் பிழையில்லை. கணக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் கோடிக்கணக்கான மனிதர்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றார்கள்.

நண்பர்களே, இந்த இடத்தில் ஆராய்ச்சி முறைகளின் இரு பெரும் பிரிவுகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுவது எளிது. எத்தனை, எவ்வளவு, எந்த விகிதத்தில் என்று கேட்டு, விடையை எண்ணாகப் பெறுவது அளவுசார் ஆய்வு. எப்படி, ஏன், அது அந்த மக்களுக்கு என்ன பொருள்படுகிறது என்று கேட்டு, விடையைச் சொல்லாகவும் செயலாகவும் பெறுவது பண்புசார் ஆய்வு. முன்னதில் கேள்வி முதலிலேயே முடிவாகிவிடுகிறது. எல்லாரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. பின்னதில் கேள்வி வழியிலே பிறக்கிறது. ஒருவர் சொல்லும் விடையிலிருந்து அடுத்த கேள்வி எழுகிறது. முன்னதற்குப் பலர் வேண்டும்; ஒவ்வொருவரிடமும் சிறிது நேரம் போதும். பின்னதற்குச் சிலர் போதும். ஒவ்வொருவரிடமும் நெடுநேரம் வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். உயரமான ஒரு மாடியில் நின்று, வடம் பிடிப்போர் எத்தனை பேர், தேர் எத்தனை நாழிகையில் நிலைக்கு வந்தது என்று ஒருவர் குறித்துக்கொள்ளலாம். அது உண்மையான அறிவு; கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், விபத்தைத் தடுக்கவும் அந்த எண்கள் இன்றியமையாதவை. மற்றொருவர் கீழே இறங்கி வடத்தின் பக்கமாகவே நடந்து, "நீங்கள் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? ஆண்டுதோறும் வருவது எதனால்?" என்று கேட்கலாம். ஒருவர் நேர்த்திக்கடனைச் சொல்வார். ஒருவர் தம் தந்தையின் கைப்பிடித்து வந்த நாளைச் சொல்வார். ஒருவர் கடை போட வந்ததைச் சொல்வார். மாடியில் நின்றவருக்கு இவர்கள் மூவரும் மூன்று தலைகள். கீழே நடந்தவருக்கோ கூட்டம் மொத்தம் எத்தனை என்பது தெரியாது. தேரோட்டத்தை அறிய விரும்புகிறவருக்கு இருவர் துணையும் தேவை.

அளவுசார் ஆய்வைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருந்ததை, முறையான விஞ்ஞானமாகவே வளர்த்தவர்கள் உண்டு. பேராசிரியர் மகலநோபிஸ் 1931இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகமும், 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும், சில ஆயிரம் குடும்பங்களைக் கேட்டு முழு நாட்டின் நிலையையும் மதிப்பிடும் வழியைக் காட்டின. ஆனால் பழமொழியில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. சோறு பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். ஊர் என்பது அப்படி வெந்த பானையன்று. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு பதம் வேறு. ஆகவே எந்தப் பருக்கையை எடுப்பது என்பதற்கே தனிக் கலை வேண்டியிருக்கிறது.

பண்புசார் ஆய்வும் நமக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதற் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்குச் சென்று அவற்றைப் பற்றி எழுதிவரச் செய்தார். அக்கட்டுரைகள் 1918இல் நூலாக வந்தன. அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களுள் ஒன்று வடமலாபுரம். இன்றைய விருதுநகர் மாவட்டத்து ஊர் அது. 1930களில் பேராசிரியர்கள் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் மேற்பார்வையில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. அந்த மறு ஆய்வு 1940இல் நூலாயிற்று. 1980களிலும் வடமலாபுரத்துக்கு ஆய்வாளர் சென்றனர். நிலம் எவ்வளவு, கால்நடை எத்தனை, கடன் எவ்வளவு என்ற எண்களும், ஊர் வாழ்வின் வருணனையும் ஒரே கட்டுரையில் அருகருகே நிற்பதை அந்தப் பழைய ஏடுகளில் காணலாம். ஆராய்ச்சி என்றால் வெளிநாட்டிலோ தலைநகரிலோ நடப்பது என்று நினைக்கும் மாணவர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும். நூறாண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்துக் கிராமம் ஓர் ஆராய்ச்சிப் பொருளாக இருந்தது. அதை எழுதியவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள்.

ஓர் ஊரிலேயே தங்கி ஆராய்வது இன்னும் ஒரு படி மேலானது. எம். என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர் நாட்டுக் கிராமம் ஒன்றில் பல மாதம் தங்கி, அம்மக்களோடு பழகி ஆராய்ந்தார். இராம்புரா என்று அந்த ஊருக்குத் தம் நூலில் பெயரிட்டார். 1970இல் அமெரிக்காவில் அவர் பணிபுரிந்த இடத்தில் வைத்த தீயில், ஆண்டுக்கணக்கில் தொகுத்துப் பண்படுத்திய குறிப்புகள் எரிந்துபோயின. அவர் மனம் தளராமல், நினைவிலிருந்தே அவ்வூரின் வாழ்வை எழுதி 1976இல் வெளியிட்டார். அட்டவணை எரிந்தால் நினைவிலிருந்து அதை மீட்க முடியாது. ஆனால் பழகி அறிந்த மனிதரை மறப்பதும் எளிதன்று. இவ்வகை ஆய்வில் குறிப்பேட்டைப் போலவே ஆய்வாளரும் ஒரு கருவி என்பதற்கு இது ஒரு சான்று.

இங்கேதான் எச்சரிக்கையும் வேண்டும். கருவி மனிதனாக இருந்தால், மனிதனுடைய விருப்பு வெறுப்பும் கருவிக்குள் புகும். இதை நான் கற்றது இராஜபாளையத்துப் பக்கத்தில்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அனுபவத்துக்குப் பிறகு, எண்களின்மேல் எனக்கு ஒருவகை அலட்சியமே வந்துவிட்டது. நான் ஆசிரியனான பின், இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குச் சென்றேன். மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்வதில் பெயர்பெற்ற ஊர் அது. விசைத்தறிகளின் ஓசை தெருக்களில் கேட்டுக்கொண்டே இருக்கும். இளைஞர்கள் அந்தத் தொழிலில் தொடர்கிறார்களா என்பதே நான் அறிய விரும்பியது. படிவம் எதுவும் கொண்டுபோகவில்லை. மூன்று நாள் முற்பகல் வேளையில் ஒரு தேநீர்க் கடையின் பெஞ்சில் அமர்ந்து, வந்தவர்களோடெல்லாம் பேசினேன். எல்லாரும் ஒரே குரலில், "எளவட்டப் பிள்ளைக எவனும் தறிப்பக்கம் வாரதில்ல, அய்யா, எல்லாரும் வெளியூரு போயிட்டாக" என்றார்கள். நான் உருக்கமான ஒரு கட்டுரை எழுதி, அதை வகுப்பில் படித்தும் காட்டினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, முற்பகலில் தறியில் நிற்கிறவர் தேநீர்க் கடைக்கு எப்படி வருவார்? இரவு முழுவதும் தறி ஓட்டியவர் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாரே?" என்றார்.

என்னால் விடை சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் மாணவர்களையே அழைத்துக்கொண்டு போனேன். தெருவின் தலைமாட்டிலிருந்து ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று வரிசையாகத் தேர்ந்தோம். இன்னார் நன்றாகப் பேசுவார், இன்னார் நமக்குத் தெரிந்தவர் என்று பார்க்காமல், எண்ணிக்கை எந்த வீட்டைக் காட்டியதோ அந்த வீட்டுக்கே சென்றோம். ஆள் இல்லாத வீட்டுக்கு மாலையில் திரும்பப் போனோம். இளைஞர் சிலர் ஊரைவிட்டுப் போயிருந்தது உண்மைதான். 'எவரும் இல்லை' என்பது மட்டும் உண்மையன்று. எத்தனையோ வீடுகளில் இளைஞர்கள் தறியில் நின்றார்கள். நான் கேட்டதெல்லாம் வேலையற்று அமர்ந்திருந்தவர்களின் ஆற்றாமை. அது பொய்யன்று, ஆனால் அதை ஊர் முழுவதன் குரலென்று நான் எழுதியது பொய்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், எண்ணினேன், கேட்கவில்லை. அதனால் ஒரு மூதாட்டியின் உழைப்பு மறைந்தது. சத்திரப்பட்டியில், கேட்டேன், எண்ணவில்லை. அதனால் தறியில் நின்ற இளைஞர்கள் மறைந்தார்கள். இரண்டு முறையும் மறைந்தவர்கள் யார் என்று பாருங்கள். வேலையில் மூழ்கியிருந்தவர்கள், வந்து நம்மிடம் பேச நேரமில்லாதவர்கள். ஆராய்ச்சியில் நேரும் பிழை வெறும் ஏட்டுப் பிழையன்று. எந்தத் திட்டமும், எந்த உதவியும், எந்தக் கூலி உயர்வும் ஏட்டில் இருப்பவருக்கே போய்ச் சேரும்.

இவ்விரு முறைகளும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பெண்களின் உழைப்பு எங்கே மறைகிறது என்பதை வயல்களிலும் வீடுகளிலும் நேரில் பார்த்தும் கேட்டும் எழுதியவர்கள் பலர். அவர்கள் எழுப்பிய குரலுக்குப் பிறகு, 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியின்றிச் செய்யும் வேலையும் சேர்த்தே கேட்கப்பட்டது. 1998-99இல், தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில், மக்கள் ஒரு நாளின் பொழுதை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 2019இல் அது நாடு முழுவதும் நடைபெற்றது. 'உன் தொழில் என்ன?' என்று கேட்டால் 'ஒன்றும் இல்லை' என்று விடை வரும். 'காலையில் எழுந்தது முதல் என்னென்ன செய்தாய்?' என்று கேட்டால் ஒரு நாள் முழுவதும் விடையாக வரும். 2019-20இல் நடந்த நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர் கணக்கில் வந்தனர். அவர்களுள் சுமார் 8½ லட்சம் பேர் தறியில் அமராமல், நூல் சுற்றுதல், பாவு ஓட்டுதல் முதலிய துணை வேலைகளைச் செய்பவர்கள். அந்த மூதாட்டியின் வேலைக்கு இப்போது ஒரு கட்டம் இருக்கிறது. கேட்டவர்கள் இருந்ததால்தான் எண்ணுகிறவர்களுக்கு அந்தக் கட்டம் கிடைத்தது.

கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை எழுதப்போகும் மாணவர்களுக்கு, முடிவாகச் சில சொற்கள். எந்த முறை உயர்ந்தது என்று வாதாடிப் பொழுதைப் போக்காதீர்கள். உங்கள் கேள்வி என்ன என்று முதலில் தெளியுங்கள். 'எத்தனை' என்பது கேள்வியானால் எண்ணுங்கள். 'ஏன்' என்பது கேள்வியானால் அமர்ந்து கேளுங்கள். எண்ணப் போவதற்கு முன், படிவத்தின் ஒவ்வொரு சொல்லும் அந்த ஊராரிடம் என்ன பொருள் தருகிறது என்று சில வீடுகளில் கேட்டுப் பாருங்கள். கேட்கப் போகும்போது, நீங்கள் கேளாதவர் யார் என்று உங்களையே வினவிக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னதை வேறொருவரிடமும், வேறொரு வேளையிலும் ஒத்துப் பாருங்கள். அவர்கள் சொன்னது எது, நீங்கள் ஊகித்தது எது என்று குறிப்பேட்டில் பிரித்து எழுதுங்கள். எழுதியதை, இயலுமானால், அவர்களிடமே படித்துக் காட்டுங்கள்.

இறுதியாகச் சொன்ன இந்த விதியை எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் கற்கவில்லை. "என்னயப் பத்தி என்ன தம்பி எழுதியிருக்கீக?" என்று அந்த மூதாட்டி கேட்டாரே, அந்தக் கேள்வியிலிருந்துதான் கற்றேன். அன்று மாலை, அவருடைய படிவத்தில் 'தொழில் இல்லை' என்ற சொற்களை அடித்துவிட்டு, 'தார் சுற்றுதல்' என்று எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன். "அது சரி" என்று சொல்லிவிட்டு, அவர் இராட்டினத்தைச் சுழற்றத் தொடங்கினார்.